மிதக்கும் தட்டும் மூழ்கும் தட்டும்

மாத்தளை மாவட்டம் மலையும் சமவெளியும் சந்திக்கும் நிலம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிமிர்ந்து நிற்க, வடக்கே தம்புள்ளையைச் சூழ வறண்ட வலயம் விரிந்து கிடக்கின்றது. பொல்கொல்லையில் திருப்பப்பெறும் மகாவலி நீர், 1976ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக உக்குவெலை மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையிலே கலந்து வடக்கு நோக்கிச் செல்கின்றது. அதன் வழியிலே போவதென்னை நீர்த்தேக்கம்; அதற்கு அப்பால், 2018ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற மொரகஹகந்தை நீர்த்தேக்கம். தம்புள்ளைக்கு அருகே கண்டலமைக் குளம். சிகிரியாக் குன்றின் அடியிலே பழைய அகழி.

இத்துணை நீர்நிலைகளின் அருகே வாழும் மக்களுக்கு, ஒரு பொருள் நீரில் மிதக்குமா, மூழ்குமா என்பது ஏட்டுக் கேள்வி அன்று. வலை வீசும் மீனவருக்கும், துணி வெளுக்கும் பெண்களுக்கும், கரையோரத்திலே பந்தாடும் சிறுவருக்கும் அஃது அன்றாடக் கேள்வியே. இக்கேள்விக்கு விடை கூறும் விதியை நன்கு விளங்கவைக்கக்கூடிய புதுமையான விளையாட்டு ஒன்று உண்டு. ‘டிஸ்க் கோல்ஃப்’ என்பது அதன் பெயர். தட்டெறி கோல்ஃப் என்று அதனைத் தமிழிலே கூறலாம்.

கோல்ஃப் விளையாட்டில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழச் செய்கின்றனர். தட்டெறி கோல்ஃபில் பந்தும் இல்லை, கோலும் இல்லை. ஆடுபவர் ஒரு வட்டத் தட்டைக் கையாலே சுழற்றி எறிகின்றார். தட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிகின்றார். இறுதியில், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையிலே அதனை விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவரே வெற்றி பெற்றவர்.

பறக்கும் தட்டு 1957ஆம் ஆண்டு ‘வாம்-ஓ’ என்னும் அமெரிக்க நிறுவனத்தாரால் பெருமளவிலே விற்கப்பட்டு, ‘ஃபிரிஸ்பி’ என்ற பெயரால் உலகெங்கும் பரவிற்று. அந்த நிறுவனத்திலே பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிபோர்னியாவிலே இவ்விளையாட்டுக்கென நிலையான ஆடுகளம் ஒன்றை அமைத்தார். 1983ஆம் ஆண்டளவில், விளிம்பு சரிவாகக் கூர்மைப்படுத்தப்பட்ட தட்டை டேவ் டுனிபேஸ் என்பவர் உருவாக்கினார். காற்றைக் கிழித்துச் செல்லும் இத்தட்டுகள் நெடுந்தூரம் பறப்பவை. ஆனால் அவற்றுள் பல நீரில் விழுந்தால் கல்லைப்போல் மூழ்கிவிடும்.

ஆடுகளங்கள் பலவற்றில் குளத்தைத் தாண்டி எறிய வேண்டிய கட்டங்களும் அமைந்துள்ளன. அங்கே கை சற்றுத் தவறினால் தட்டு நீருக்குள் போய்விடும். ஆகவே, நீரோரத்தில் ஆடுவோர் மிதக்கும் தட்டு எது என்று முன்கூட்டியே அறிந்து தேர்ந்துகொள்ள வேண்டியவராகின்றனர். பாரம் குறைந்தது மிதக்கும், பாரம் கூடியது மூழ்கும் என்று பலர் எண்ணுவதுண்டு. இஃது அரைகுறையான உண்மையே. ஒரு சிறு ஊசி மூழ்குகின்றது; யானை தூக்கும் பெருமரம் மிதக்கின்றது. எனவே பாரத்தை மட்டும் நோக்கிப் பயனில்லை. அந்தப் பாரம் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இதுவே. நீரில் அமிழும் பொருள் தன் பருமன் அளவு நீரை விலக்குகின்றது. விலக்கப்பட்ட நீரின் பாரம் எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அப்பொருளை மேலே உந்துகின்றது. ஒரு கன சென்ரிமீற்றர் நன்னீரின் பாரம் ஏறத்தாழ 1 கிராம். ஆகவே ஒரு பொருளின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரும் 1 கிராமுக்குக் குறைவாக இருப்பின் அது மிதக்கும், கூடினால் மூழ்கும். இதனையே அடர்த்தி என்கின்றோம். உலர்ந்த பலாப்பலகை மிதப்பதும், முற்றிய கருங்காலி வைரம் அமிழ்ந்து போவதும் இந்த அடர்த்தி வேற்றுமையினால்தான்.

மாத்தளைப் பகுதிக்கு நன்கு அறிமுகமான இறப்பரைக் கொண்டு இதனை இன்னும் தெளிவாக்கலாம். 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழியே இந்நாட்டிலே இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. மரத்திலிருந்து பால் எடுத்து உறைய வைத்துத் தகடாக்கிய இறப்பரின் அடர்த்தி ஏறத்தாழ 0.92. ஆகவே அது மிதக்கும். அதே இறப்பருடன் கரித்தூளும் வேறு பொருள்களும் கலந்து வண்டிச் சக்கரத்தின் டயர் ஆக்கினால், அதன் அடர்த்தி ஒன்றைக் கடந்துவிடுகின்றது. டயரிலிருந்து வெட்டிய துண்டு நீரில் அமிழ்வதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். இறப்பர்ச் செருப்போ, உள்ளே எண்ணற்ற காற்றுக் குமிழிகளைக் கொண்ட பஞ்சு போன்ற பொருள். ஆற்றிலே நழுவிய செருப்பு மிதந்து போவது அக்குமிழிகளின் உதவியால்.

எறிதட்டுகளுக்கும் இம்மூன்று நிலைமைகளும் உண்டு. பொலிப்புரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, பொலிஎதிலீன் 0.91 முதல் 0.97 வரை. வேறு பாரமான பொருள் கலவாமல் இவற்றால் செய்த தட்டு மிதக்கும். நெடுநாள் உழைக்கும்படி பொலியூரித்தேனால் செய்யப்படும் தட்டுகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அடர்த்தி கொண்டவை, அவை மூழ்கும். அத்தகைய உறுதியான பிளாஸ்டிக்கினுள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் புகுத்திப் பாரத்தைக் குறைத்துச் செய்யும் தட்டுகளும் உண்டு. குமிழிகள் போதிய அளவு இருப்பின் அவையும் மிதக்கும். மரத்தில் மோதினாலும் எளிதிலே சிதையாத தட்டு வேண்டுமா, நீரில் போனாலும் மீளும் தட்டு வேண்டுமா என்பதே தேர்ந்தெடுப்போர் முன் நிற்கும் முதற் கேள்வி.

தட்டின் அடியிலே எழுதப்பட்டிருக்கும் கிராம் கணக்கையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். போட்டி விதிகளின்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராமுக்கு மேல் தட்டு பாரமாக இருத்தலாகாது. 21 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டு 174 கிராமுக்குச் சற்று மேல் வரைதான் இருக்கலாம். ஒரே அச்சிலே வார்த்த தட்டுகளின் பருமன் ஏறத்தாழ ஒன்றே. எடுத்துக்காட்டாக, ஓர் அச்சின் பருமன் 165 கன சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதில் வார்த்த 174 கிராம் தட்டு மூழ்கும்; 150 கிராம் தட்டு மிதக்கும். ஆகவே ஒரே அச்சின் தட்டுகளை ஒப்பிடும்போது கிராம் கணக்கு நம்பத்தக்க வழிகாட்டி. வேறு வேறு அச்சுகளை ஒப்பிடும்போது அக்கணக்கு ஏமாற்றிவிடும். மெல்லிய சிறு தட்டு 150 கிராமிலே மூழ்கலாம்; தடித்த தட்டு 170 கிராமிலும் மிதக்கலாம்.

தட்டின் வடிவை நம்பி ஏமாறுவதும் உண்டு. பித்தளைத் தாம்பாளத்தை நீரின்மேல் மெல்ல வைத்தால் ஓடம்போல் மிதக்கும்; அதனையே விளிம்பு கீழாக விட்டால் நேரே அடியிலே போய்க் கிடக்கும். எறிந்த தட்டு பெரும்பாலும் சாய்ந்து, விளிம்பாலே நீரைப் பிளந்துகொண்டு விழுகின்றது. அப்போது குழிவினுள்ளே இருந்த காற்று வெளியேறிவிடும். பின்னர் அதனைக் காப்பது அதன் அடர்த்தி ஒன்றே.

கடல்நீருக்கும் குளத்து நீருக்கும் உள்ள வேற்றுமையும் கருதத்தக்கது. உப்புக் கலந்த கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. ஆகவே 1.01 அடர்த்தியுள்ள தட்டு திருகோணமலைக் கடலிலே மிதக்கும். கண்டலமைக் குளத்திலே மூழ்கும். கடற்கரையிலே சோதித்து வாங்கிய தட்டை மலைநாட்டிலே நம்புதல் கூடாது.

இவ்வாறான ஐயங்கள் அனைத்தையும் ஒரு வாளி நீர் தீர்த்துவிடும். அகன்ற வாளி ஒன்றிலே கிணற்று நீரை நிரப்பித் தட்டைச் செங்குத்தாக முழுவதும் அமிழ்த்த வேண்டும். ஒட்டியிருக்கும் குமிழிகளைக் கையாலே துடைத்துவிட வேண்டும். பின்பு கையை எடுத்தால், தட்டு தானாக மேலே வருகின்றதா, அல்லது அடியிலே தங்குகின்றதா என்பது தெரிந்துவிடும். மிக மெதுவாக எழும் தட்டு எல்லைக்கோட்டிலே நிற்பது. அதன்மேல் சேறு ஒட்டினாலும் அது மூழ்கக்கூடும். விரைந்து எழுவதே நம்பத்தக்கது. சோதித்த தட்டிலே அடையாளம் இட்டு வைப்பது நலம்.

மிதப்பதற்காகப் பாரத்தைக் குறைத்தால் வேறொரு தொல்லை வருகின்றது. பாரம் குறைந்த தட்டைக் காற்று எளிதிலே அலைக்கழிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வறண்ட வலயத்துத் திறந்த குளக்கரையிலே, எதிர்க்காற்றில் எறிந்த இலேசான தட்டு புரண்டு திசைமாறிப் போகும். ஆகவே மிதக்கும் தட்டுகளுள் இயன்றவரை பாரம் கூடியதைத் தேர்ந்து, அதனைக் கொண்டே தரையிலே பலமுறை எறிந்து பழகிய பின்னரே நீரோரம் செல்ல வேண்டும். நிறமும் முக்கியமானது. தாமரையும் நீர்ப்பாசியும் நிறைந்த இடத்தில் பச்சைத் தட்டு மிதந்தும் பயனில்லை. செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ கண்ணுக்கு உடனே புலப்படும்.

மிதப்பதெல்லாம் கைக்கு மீளும் என்பதும் இல்லை. தேங்கிய குளத்திலே காற்று அதனை ஏதாவதொரு கரைக்குக் கொண்டு சேர்க்கும். சுது கங்கை போன்ற ஓடும் நீரிலோ, வாய்க்காலிலோ விழுந்த தட்டை வெள்ளம் கொண்டுபோய்விடும். ஓடும் நீரருகே எறியாதிருப்பதே சிறந்த தேர்வு. மேலும், நீர் எல்லைக்கு வெளியென்று வகுக்கப்பட்ட ஆடுகளத்தில், தட்டு மிதந்தாலும் மூழ்கினாலும் ஆடுபவருக்கு ஓர் எறி தண்டமாகச் சேரும். மிதக்கும் தட்டு வெற்றியைத் தருவதற்கு அன்று, இழப்பைத் தவிர்ப்பதற்கே.

அந்த இழப்பு தட்டின் விலையோடு முடிவதில்லை. குளத்தடியிலே தங்கும் பிளாஸ்டிக் மக்கி மண்ணாவதில்லை. அந்த நீரோ வயலுக்குப் பாய்வது, மாடு குடிப்பது, மீன் வளர்வது. அதனினும் பெரியது மனித உயிர். மூழ்கிய தட்டைத் தேடி நீரில் இறங்குபவர், கீழே சேறு எவ்வளவு ஆழம் என்பதை அறியார். துருசின் அருகே நீர் உள்ளே இழுக்கும். வறண்ட வலயக் குளங்களிலே முதலைகளும் உண்டு. நீர்த்தேக்கத்தின் மட்டமோ, நீரைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஏற்ப ஏறியிறங்கும்.

கண்ணெதிரே மிதக்கும் தட்டுக்காகவும் எவரும் ஆழத்திலே இறங்க வேண்டுவதில்லை. நீண்ட மூங்கிற் கழி கொண்டு கரையிலிருந்தே அதனை இழுத்துக்கொள்ளலாம். எட்டாவிட்டால் காற்று அதனைக் கரை சேர்க்கும்வரை பொறுத்திருக்கலாம். மூழ்கிய தட்டோ தேடுபவரை ஆழத்துக்கு அழைக்கும். நீரோரத்தில் ஆட விரும்புவோர் மிதக்கும் தட்டைத் தேர்வதற்குரிய முதற் காரணம் இதுவே. அதற்கு வேண்டியது வீட்டிலே ஒரு வாளி நீரும் ஒரு நிமிட நேரமுமே.