ஃபார்மட் அடிப்பதற்கு முன்

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் கணினி வாங்கிய பிள்ளைகள் புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் ஏராளம். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பல மடிக்கணினிகளில் இருந்தது. அப்படி ஒன்று நீலத் திரை காட்டி நின்றால் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிரலாம்." வேண்டாம். ஃபார்மட் அடித்தால் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.

செயலிகளுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் இருந்து நினைவகத்தையும் வட்டையும் ஆள்வது கெர்னல். பிரவுசர் கெட்டால் பிரவுசர் மட்டும் மூடும். கெர்னலின் கணக்கே தப்பினால், உங்கள் கோப்புகளில் கண்டதை எழுதிவிடாமல் இருக்க அது தன்னையே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அந்த நீலத் திரை ஒரு பாதுகாப்பும்கூட.

முதல் வேலை, திரையைக் கைபேசியில் படம் எடுப்பது. கெர்னல் நின்ற நொடியின் கடைசி வரிகள் வட்டில் பதியாமலே போகலாம். அப்போது அந்தப் படம் மட்டுமே சாட்சி. விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' (கெர்னல் நின்ற நொடியின் பதிவு, சுருக்கமாக டம்ப்) என்று ஒன்று இருந்தால் பென் டிரைவில் நகல் எடுங்கள். லினக்ஸில் பழைய பதிவுகளைச் சேமிக்கும் வசதி இருந்தால், போன முறை ஓடியபோது கெர்னல் எழுதியதை 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் பார்க்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் (கெர்னலோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) பெயர் வந்தால் சந்தேகம் அதன் மேல். தடவைக்கு ஒரு பெயர் வந்தால் ரேமைச் சோதியுங்கள். 'மெம்டெஸ்ட்' நிரலை இரவு முழுக்க ஓட விடலாம். நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால், சூட்டையும் மின்சாரத்தையும் முதலில் பாருங்கள்.

ஆனால் பெயர் வந்த டிரைவரே முழுக் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டம்ப் காட்டியது கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு டிரைவரை. அன்று காலை மாறியதோ டிரைவர் அல்ல, அது படிக்கும் ஒரு சிறிய தரவுக் கோப்பு. மென்பொருள் 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. அதற்குக் கிடைத்தவை 20. இல்லாத அந்த 21-ஆவதை எல்லை தாண்டிப் படிக்கப்போய்க் கெர்னல் நின்றது. இந்தப் பிழை பிப்ரவரியிலிருந்தே உள்ளே இருந்தது. 21-ஆவது மதிப்பை உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் விதி அதுவரை வராததால் வெளியே தெரியவில்லை.

எனவே கடைக்காரரிடம் கணினியைக் கொடுக்கும்போது, அது நிற்பதற்கு முந்தைய நாட்களில் என்ன மாறியது என்பதையும் சொல்லுங்கள்: அப்டேட், புது ஆன்டிவைரஸ், மாற்றிய ரேம், புதிதாகச் செருகிய டாங்கிள். படத்தையும் டம்ப் நகலையும் கையோடு கொடுங்கள்.