உதவியாளர் என்றொரு பெயர்

கல்வியியல் வகுப்பிற்குக் கட்டுரை எழுதவேண்டி ஆஸ்திரேலிய ஆதிக்குடி மக்களின் பள்ளிகளைப் பற்றிப் படிக்கப் புகுந்தேன். அங்கே என் மனத்தில் நின்றவர் ஆசிரியரல்லர். அவர் பக்கத்தில் நிற்கும் ஆதிக்குடிக் கல்வி உதவியாளர். பதவிப்பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வேலை ஒன்றுதான்.

நியூ சவுத் வேல்ஸில் ஒரு விதி இருந்தது. வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் பள்ளியினின்று விலக்கலாம். 1972 இல்தான் அது நீங்கிற்று. பாட்டி விரட்டப்பட்ட வாயிலில் தம்மவர் ஒருவர் நின்றாலன்றிப் பேரப்பிள்ளை எப்படி நம்பி நுழையும்?

உள்ளே நடப்பதைப் பாருங்கள். வட ஆஸ்திரேலியாவில், வார்ல்பிரி மக்களின் ஊரொன்றில், புதிய ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து ஒரு பெயரை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு திகைத்துப்போகிறது. அதே பெயருடைய ஒருவர் அண்மையில் இறந்திருக்கிறார். இறந்தவர் பெயரை அம்மக்கள் உச்சரிப்பதில்லை. அப்பெயர் கொண்டு உயிரோடிருப்பவரையும் சில காலம் 'குமன்ஜாயி' என்றே அழைப்பர். உதவியாளர் அருகில் வந்து மெல்லச் சொன்னால் தீரும் காரியம். சொல்ல ஆளில்லையேல் நாளை அப்பிள்ளை வராது. ஆசிரியரோ 'சோம்பேறி' என்று குறித்துக்கொள்வார்.

யார் யாருக்கு அருகே அமரலாம் என்பதற்கும் உறவுமுறை உண்டு. (மாமன் மகள் வேறு, சித்தப்பா மகள் வேறு என்று வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எல்லாரையும் 'கசின்' என்பவர்க்குத்தான் தொல்லை.)

கேட்டும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. நாணமா, ஆங்கிலம் புரியாமையா, காது கேளாமையா? அங்குள்ள ஆதிக்குடிக் குழந்தைகளிடம் நடுச்செவி நோய் மிகுதி. செவி மந்தத்தைப் புத்தி மந்தமென்று தள்ளிவிடாமல் காப்பவர், அந்த வீட்டை அறிந்தவரே.

1973 முதல் வட ஆட்சிப்பகுதியின் சில பள்ளிகளில் தாய்மொழியிலும் கற்பிக்கத் தொடங்கினர். வெளியூர் ஆசிரியருக்கு அம்மொழி தெரியாது; பாடம் சொன்னவர்கள் உதவியாளர்களே. பெயர் மட்டும் 'உதவி'. சம்பளமும் அதற்கேற்பக் குறைவு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 2008 இல், நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலமே என்று ஆணை பிறந்தது. பின்னர் அதைக் கைவிட்டனர். ஆனால் அதற்குள் அவர்கள் தம் வகுப்பிலேயே ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தனர்.

பாட்செலர் என்னும் ஊரிலுள்ள கல்லூரி இத்தகையோரை முழு ஆசிரியராக்கப் பயிற்சி அளித்தது. யிர்க்கலாவில், அம்மண்ணின் மைந்தரான யூனுபிங்கு 1990 இல் தலைமையாசிரியரே ஆனார்.

ஆயினும் ஒதுக்குப்புறப் பள்ளிகளில் வெளியூர் ஆசிரியர் நெடுநாள் தங்குவது அரிது. ஓரிரு ஆண்டில் மாற்றல் வாங்கிப் போகிறார். அடுத்தவர் வருகிறார். அவருக்கும் பெயர்களையும் உறவுகளையும் அதே உதவியாளர் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்.