பன்றிப் பண்ணையில் அழற்சியும் மருந்தும்

செம்மை, வெப்பம், வீக்கம், நோவு என்னும் நான்கினையும் அழற்சியின் குறிகளாக உரோமானிய ஆசிரியர் செல்சசு முதலாம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தனர். உடம்பு தன்னைக் காத்தற்பொருட்டுத் தானே மூட்டும் தீயே அழற்சி. அது வரம்பு கடப்பின் விளையுங் கேட்டினை ஐரோப்பியப் பண்ணைகளில் ஈன்ற தாய்ப்பன்றியிடத்துத் தெளிவாகக் காணலாம்.

ஈன்ற இரண்டு மூன்று நாள்களுள் சில பன்றிகள் காய்ச்சலுற்று, இரையை வெறுத்து, மடி இறுகிக் குட்டிகளுக்கு முலை கொடாது குப்புறக் கிடக்கும். எசரிக்கியா கோலி முதலிய பற்றீரியாக்களின் நச்சு குருதியிற் கலந்து, பால்சுரப்பைத் தூண்டும் புரோலற்றின் என்னும் ஓமோனைக் குறைத்தல் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தாய்க்கு இது சில நாட் பிணியே. குட்டியின் நிலையோ வேறு. பன்றியின் சூல்வித்தகம் பிறபொருளெதிரிகளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. கடும்புப்பாலே அவற்றை அளிக்கின்றது. ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின் குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடும். பிறந்த குட்டியின் உடலிற் கொழுப்பும் மிகச் சொற்பம். ஆதலின் தாயின் காய்ச்சலாற் பெரிதும் மடிவன குட்டிகளே.

நுண்ணுயிரெதிரி மருந்துகள் பற்றீரியாவை அழிக்குமேயன்றி, மூண்டுவிட்ட அழற்சியைத் தாமே தணிக்கமாட்டா. அசுப்பிரின் போன்ற மருந்துகள் புரொசுத்தாகிலாந்தின் என்னும் பொருளின் ஆக்கத்தைத் தடுத்தே நோவையும் காய்ச்சலையும் தணிக்கின்றன என்பதை 1971 இல் ஆங்கில அறிஞர் யோன் வேன் நிறுவினர். 1982 இல் நோபெற் பரிசில் பங்கும் பெற்றனர். அவ்வழியில் வந்த மெலொட்சிக்காம் 1998 இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் கால்நடை மருந்தாக அனுமதி பெற்றுப் பின்னர்ப் பன்றிகளுக்கும் உரியதாயிற்று. உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 0.4 மில்லிகிராம் வீதம் தசையில் ஊசி வழியாக ஏற்றுவர். வேண்டின் மறுநாளும் ஏற்றுவர். உரிய நுண்ணுயிரெதிரியும் உடன் கொடுக்கப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கருப்பையைச் சுருங்கச் செய்து ஈனலை நடத்துவதும் புரொசுத்தாகிலாந்தினே. ஈனுமுன் இம்மருந்தைக் கொடுப்பின் ஈனல் நீளக்கூடும். ஈன்று முடிந்தபின் கொடுத்தலே முறை.

2022 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், தூய்மைக் குறைவை ஈடுசெய்தற்பொருட்டு நுண்ணுயிரெதிரிகளைக் கொடுத்தலை விலக்கிவிட்டது. நோவு தணிக்கும் ஊசியும் அழுக்கான தொழுவத்தைத் துப்புரவாக்காது. ஈனுந் தளத்தைக் கழுவி உலர்த்துதலும் தாய்க்குக் குடிநீர் தாராளமாக வைத்தலும் பண்ணையாளன் கையிலேயே உள்ளன. ஊசி ஏற்றிய பன்றியை 5 நாள் கழியுமுன் இறைச்சிக்கு அனுப்புதலும் ஆகாது.