விழுந்த பல்லுக்குப் பதில் பல்

சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் கூச்சத்தில் பொத்துவதில்லை. முன்பல் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குச் சூத்தையால் போனது. சிலருக்கு ஊரில் விசாரணை என்ற பெயரில் விழுந்த அடியால் போனது. சுவிசுக்கு வந்து, ஒரு வேலையும் கிடைத்தபின் பல்லுக் கட்டலாம் என்று போனால், வைத்தியர் ‘இம்பிளான்ட்’ என்கிறார். விலையைக் கேட்டவுடன் பலர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அதனால் விசாரித்தும் வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறுக்கும் ஒரு சின்னத் திருகாணி. பெரும்பாலும் ரைற்றேனியம் என்ற உலோகத்தால் செய்தது. பல்லின் வேர் செய்த வேலையை அது செய்யும். அதற்கு மேல்தான் வெள்ளைப் பல்லைப் பொருத்துவார்கள். உலோகத்தை உடம்பு ஏற்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1952இல் சுவீடனில் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் ரைற்றேனியக் கருவியொன்றை வைத்துப் பரிசோதனை செய்தார். முடிந்தபின் கழற்றப் பார்த்தால் கழரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965இல் யொஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் இந்தத் திருகாணிகளை வைத்தார். 2006இல் அவர் இறக்கும்வரை அவை பயன்பட்டன.

மிசினில் ஆணி இறுக்குகிற எங்களுக்கு, இறுக்கினால் உடனே பாரம் ஏற்றலாம் என்ற நினைப்பு. இங்கே அப்படியல்ல. சிலருக்கு உடனே தற்காலிகப் பல் வைப்பதுண்டு. ஆனால் எலும்பு ஒட்டுவதற்கு வழக்கமாக 3 தொடக்கம் 6 மாதம் வேண்டும். ஆகவே மூன்று கிழமை லீவில் இந்தியாவுக்கோ கொழும்புக்கோ போய் முழுவதையும் முடித்துக்கொண்டு வரலாம் என்ற கதையை நான் ஆதரிக்கமாட்டேன். அங்கே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் திரும்பி வந்தபின் முரசு வீங்கினால் யாரிடம் போவது? அப்படியும் செய்பவர்கள், எந்தக் கம்பனித் திருகாணி, என்ன அளவு என்று எழுதிய அட்டையையும் எக்ஸ்றே படத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். அது இல்லாவிட்டால் இங்குள்ள வைத்தியருக்குப் பொருத்தமான சாவியைத் தேடுவதே பெரும்பாடு.

இனிக் காசு. ஒரு பல்லுக்கு 4,000 பிராங்கைத் தாண்டுவது சாதாரணம். சூத்தையால் போன பல்லுக்குக் கிராங்கன்காசாவின் அடிப்படைக் காப்புறுதி கொடுக்காது. விபத்தென்றால் கதை வேறு. ஒரு முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. சைக்கிளால் விழுந்தோ பந்து விளையாடியோ பல் உடைந்தால், உடனே வேலைத்தலத்தில் அறிவித்துப் பத்திரம் நிரப்புங்கள். பாணுக்குள் கிடந்த கல்லைக் கடித்துப் பல் உடைந்தாலும் விபத்தாகக் கணிக்கப்படலாம். அந்தக் கல்லை எறிந்துவிடாதீர்கள். ‘எதையோ கடித்துவிட்டேன்’ என்றால் ஏற்கமாட்டார்கள். வேலைக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிராங்கன்காசாவில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஊரில் அடித்து உடைத்த பல்லை இங்குள்ள வேலைத்தல விபத்துக் காப்புறுதி பொறுப்பேற்காது. மனவருத்தமான விசயம், ஆனால் சட்டம் அப்படித்தான்.

எந்தச் சிகிச்சையையும் தொடங்கமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஜேர்மன் மொழியில் ‘கோஸ்டன்ஃபோரான்ஷ்லாக்’ என்றால் தருவார்கள். உதவிப்பணத்தில் இருப்பவர்கள் அதை முதலில் சமூக உதவி அலுவலகத்தில் காட்டி அனுமதி எடுக்கவேண்டும். அவர்கள் பெரும்பாலும் கழற்றிப் பூட்டும் பல்லுக்கே சம்மதிப்பார்கள். அதுவும் பல்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இடைவெளியை வருடக்கணக்கில் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சரியும், எலும்பும் கரையும். பேர்ண், பாசல், சூரிச் பல்கலைக்கழகப் பல் வைத்தியசாலைகளில், மேற்பார்வையின் கீழ் மாணவர்கள் குறைந்த விலையில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம்தான் கூடப் போகும்.

சிகரெட் பிடிப்பவருக்கும் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் திருகாணி ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம். எலும்புத் தேய்வுக்கு மருந்தெடுக்கும் அம்மாமார் அதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இம்பிளான்ட் வைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் நிரந்தரப் பல் அடிபட்டுக் கழன்று விழுந்தால், வேரில் கை படாமல் எடுத்துப் பாலுக்குள் போட்டுக்கொண்டு உடனே பல் வைத்தியரிடம் ஓடுங்கள். சுணங்காமல் போனால் அதே பல்லையே பல தடவைகளில் திருப்பி வைத்துவிடுவார்கள்.