ஆண்களின் நாள்பட்ட இடுப்புக்குழி வலி: மாற்றுச் சிகிச்சைகளை எவ்வாறு சேர்ப்பது?

சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் காணும் ஆண்களுள் ஒரு பகுதியினர் தங்கள் நோயைச் "சூடு" என்று சொல்லியே பேச்சைத் தொடங்குகின்றனர். சிறுநீர் கழிக்கையில் கடுப்பு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கனத்த வலி, அடிவயிற்றில் இழுப்பு, விந்து வெளியேறிய பின் எரிச்சல் ஆகியவற்றை மாதக்கணக்கில் பொறுத்திருக்கின்றனர். இளநீரும் வெந்தயமும் நல்லெண்ணெய்க் குளியலும் முயன்று பார்க்கின்றனர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இரண்டு மூன்று சுற்று முடித்த பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர். வருபவரின் பையில் பெரும்பாலும் வேறு சில பொட்டலங்களும் இருக்கும். அவற்றைப் பற்றித் தாமாகச் சொல்பவர் குறைவு. கேட்டால்தான் வெளியே எடுக்கின்றனர். இக்கட்டுரை அந்தப் பொட்டலங்களைப் பற்றியது.

இந்நோய்க்கு 'நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி' என்றும், 'நாள்பட்ட இடுப்புக்குழி வலி நோய்த்தொகுதி' என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த, பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. கடந்த ஆறு மாதங்களில் மூன்று மாதமாவது வலி இருந்து, கிருமித்தொற்றோ வேறு காரணமோ புலப்படாதபோது இப்பெயரை வைக்கிறோம். முதுமையில் வரும் புராஸ்டேட் வீக்கம் வேறு; இது வேறு. இது புற்றுநோயும் அன்று. பல நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, ஆண்களில் 2 முதல் 10 விழுக்காட்டினர் வரை இத்தகைய தொல்லைகளைக் கூறுகின்றனர். நோய் சுரப்பியின் பெயரால் அழைக்கப்பட்டாலும், பலரிடம் அச்சுரப்பியில் குறையேதும் தென்படுவதில்லை என்பது விந்தைதான்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டு கூட்டிய வல்லுநர் குழு, புராஸ்டேட் அழற்சியை நான்கு வகைகளாகப் பிரித்தது. முதல் இரண்டும் கிருமியால் வருபவை. நாம் பேசுவது மூன்றாம் வகை. புராஸ்டேட் அழற்சி எனப்படும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. நான்காவது, தொல்லை ஏதுமின்றித் தற்செயலாகக் கண்டறியப்படுவது. மூன்றாம் வகையில் கிருமியே அகப்படாதபோது ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் அவதியுற்ற 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃபிளாக்சசின், டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை என நான்கு விதமாகக் கொடுத்துப் பார்த்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மற்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. மருந்துச் சீட்டை மாற்றி மாற்றி அதே ஆன்டிபயாடிக்கை மீண்டும் கேட்கும் நண்பர்களுக்கு இந்த முடிவை நாங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒற்றை மருந்து உதவாததற்குக் காரணம், இது ஒற்றை நோய் அன்று என்பதே. 2009இல் அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் 'யூபாயிண்ட்' என்னும் முறையை முன்வைத்தனர். சிறுநீர்த் தொல்லை, மனநிலை, புராஸ்டேட் சுரப்பி, தொற்று, நரம்பும் பிற உடற்பகுதிகளும், இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம் என ஆறு கூறுகளில் ஒருவரிடம் எவை உள்ளன என்று முதலில் பார்ப்பது. பிறகு உள்ளவற்றுக்கு மட்டும் சிகிச்சையைச் சேர்ப்பது. இம்முறையைப் பின்பற்றிய 100 ஆண்களில் 84 பேருக்கு நோய்க்குறி மதிப்பெண் 6 புள்ளிகளேனும் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாம் குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், பல சிகிச்சைகளைச் சேர்ப்பது என்னும் எண்ணம் தவறன்று என்பதற்கு இது நல்ல சான்று. மருத்துவமனை மருந்தோடு வேறொன்றையும் நாடும் நோயாளியின் உள்ளுணர்வு பாதி சரியானது. எதை, எதற்காக, எப்பொழுது என்பதில்தான் சிக்கல்.

நெடுந்தூரம் லாரி ஓட்டும் 38 வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நாளெல்லாம் அமர்ந்திருக்கிறார்; சிறுநீரை அடக்குகிறார்; மலச்சிக்கலும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. விரலால் சோதித்தால் ஆசனவாயைச் சூழ்ந்த தசைகள் கயிறு போல் இறுகியிருக்கின்றன. அழுத்தினால் "இதே வலிதான்" என்கிறார். தமக்குப் புற்றுநோய் என்ற அச்சத்தில் உறக்கமில்லை. இவருக்குத் தேவை தசைக்கும் மனத்துக்குமான சிகிச்சையே. விதவிதமான சூரணங்கள் அவருக்குப் பயன்படப் போவதில்லை.

தசை இறுக்கத்துக்கு இடுப்புத்தளப் பிசியோதெரபியையே நாங்கள் முதலில் பரிந்துரைக்கிறோம். பயிற்சி பெற்றவர் வயிறு, தொடை, இடுப்புத்தளம் ஆகியவற்றில் இறுகிய முடிச்சுகளைக் கண்டு மெல்ல அழுத்தித் தளர்த்துகிறார். ஆண்களும் பெண்களுமாக 47 பேரிடம் வாரம் ஒருமுறை, பத்து வாரம் வரை நடத்திய ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோரில் 57 விழுக்காட்டினரும், பொதுவான உடல்பிடிப்பு மட்டும் பெற்றோரில் 21 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். கூச்சம் காரணமாக முதல் அமர்வோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. வெளிப்புறத் தசைகளில் மட்டும் தொடங்கலாம் என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

யோகப் பயிற்சியும் இதே திசையில் உதவும்; ஆனால் ஓர் எச்சரிக்கை. மூலபந்தம், அசுவினி முத்திரை, கீகல் பயிற்சி ஆகியவை இடுப்புத்தளத்தைச் சுருக்கிப் பழக்குபவை. தசை தளர்ந்தவருக்கு அவை நன்று. ஏற்கெனவே இறுகியவருக்கு அவை வலியைக் கூட்டக்கூடும். 'ஆண்மைக்கு நல்லது' என்று கைப்பேசியில் பார்த்து நாள்தோறும் நூறு முறை சுருக்கிய பின் வலி மிகுந்து வருவோர் உண்டு. இவர்களுக்கு ஏற்றவை தளர்த்தும் பயிற்சிகள்: வயிறு உயரும்படி மெதுவாக மூச்சிழுத்தல், பாலாசனம், சுவரில் சாய்ந்தபடி குந்தியிருத்தல்.

வெதுவெதுப்பான நீரில் இடுப்புவரை அமர்ந்திருக்கும் இடுப்புக் குளியல் பத்து முதல் இருபது நிமிடம் போதும். நீரிழிவால் கால் மரத்தவர்கள் நீரின் சூட்டை வீட்டார் ஒருவரின் முழங்கையால் சோதித்த பிறகே அமர வேண்டும். குழந்தைப்பேற்றுக்கு முயல்பவர்கள் இதை நாள்தோறும் நீட்டிக்க வேண்டாம். விதைகளுக்குத் தொடர்ந்து சூடு படுவது விந்தணுக்களைக் குறைக்கும்.

அக்குபஞ்சருக்கு இந்நோயில் எதிர்பார்த்ததைவிட வலுவான சான்று உண்டு. சீனாவில் 440 ஆண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரங்களில் 20 அமர்வுகளாக ஊசி குத்தினர். ஒரு குழுவுக்கு உரிய புள்ளிகளிலும், மற்றொரு குழுவுக்குப் போலியாக வேறிடங்களிலும் குத்தப்பட்டது. உரிய சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினரும், போலிச் சிகிச்சை பெற்றோரில் 37 விழுக்காட்டினரும் பயனடைந்தனர். சிகிச்சை முடிந்து 24 வாரங்கள் கழித்தும் அவ்வேறுபாடு நீடித்தது. போலி ஊசிக்கே மூவரில் ஒருவருக்கு மேல் தேறியதைக் கவனியுங்கள். நம்பிக்கையும் பரிவும் வலியைத் தணிக்கும் என்பதை நாங்கள் மறுப்பதில்லை. அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது ஊசி குத்தும் முறை. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு 'மற்ற மாத்திரைகளையெல்லாம் நிறுத்துங்கள்' என்று சொல்லும் சிகிச்சைக்கு அந்த முடிவுகள் பொருந்தா. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேளுங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர்கள் அதை முன்னரே சொல்லுங்கள்.

வாய்வழி உண்பவற்றில் குவெர்செட்டின் என்னும் தாவரப்பொருள் ஒரு சிறிய ஆய்வில் நல்ல பலன் தந்தது. 30 ஆண்களிடம், 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை ஒரு மாதம் கொடுத்ததில், உண்டவர்களில் மூவரில் இருவரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் ஐவரில் ஒருவரும் தேறினர். வெங்காயத்தில் இப்பொருள் உண்டு. ஆனால் இந்த அளவை எட்ட வெங்காயச் சாம்பாரை நம்பியிருக்க முடியாது! சிப்ரோஃபிளாக்சசின் வகை மாத்திரைகளோடும் வார்ஃபரினோடும் இதைச் சேர்த்து உண்ணலாகாது. ஜெர்மனியில் 139 ஆண்களிடம் 12 வாரம் சோதித்த ரை புல் மகரந்தச் சாறும் வலியைக் குறைத்தது. தேன் கடைகளில் விற்கும் மகரந்தத் தூளும் அதுவும் ஒன்றல்ல. மாறாக, விளம்பரம் மிகுந்த சா பால்மெட்டோவை 64 பேர் கொண்ட ஓராண்டு ஆய்வில் உண்டவர்களின் மதிப்பெண் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. அதற்குச் செலவிடும் பணத்தை வேறெதற்கேனும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இவ்வலிக்கு அது உதவும் என்று காட்டும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. எனினும், பதிவு பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துத் தந்தால் நாங்கள் குறுக்கே நிற்பதில்லை. சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை உண்பவரும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவரும் மட்டும் எங்களிடம் கேட்ட பின் தொடங்கட்டும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. நாட விரும்புவோர் அங்கு நாடலாம்.

நாங்கள் அஞ்சுவது வேறொன்றை. குறிப்பிட்ட தேதிகளில் ஊர் ஊராக வந்து விடுதி அறையில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள், பெயரில்லாப் பொட்டலத்தில் தரும் பொடிகளே அவை. பற்பம், செந்தூரம் முதலியவற்றில் சில, பாதரசமும் ஈயமும் பாடாணமும் சேர்ந்த தயாரிப்புகள்; முறை தவறினால் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. 'ஆண்மை மூலிகை' என விற்பனையாகும் பொருள்களில் சில்டெனாஃபில் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் அறியாமல் அதை உண்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு வீழலாம். சிறுநீர்த் தொல்லைக்கு டாம்சுலோசின் உண்பவருக்கும் மயக்கம் வரலாம். நரம்புத் தளர்ச்சிக்கு என்று பலரும் தாமாக உண்ணும் அமுக்கராச் சூரணம்கூட உறக்கம் கூட்டும். தைராய்டு அளவுகளை மாற்றும். அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும்.

சேர்க்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். வலி, சிறுநீர், வாழ்க்கைத் தரம் பற்றி 13 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. அதன் உச்ச மதிப்பெண் 43. தொடக்கத்தில் உங்கள் மதிப்பெண்ணைக் குறித்து வைக்கிறோம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு புதிய சிகிச்சை மட்டும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் மதிப்பெண். 6 புள்ளி இறங்கினால் அது தொடரும்; அசையவில்லையெனில் நிறுத்தி அடுத்ததைத் தொடங்குவோம். ஒரே வாரத்தில் ஊசி, பொடி, குளியல், புதிய மாத்திரை ஆகிய நான்கையும் தொடங்கினால், தேறினாலும் எதனால் என்று தெரியாது. ஒவ்வாமை வந்தாலும் தெரியாது. கடைசியில் நான்குக்கும் காலமெல்லாம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். காப்பி, மது, மிளகாய்க் காரம் ஆகியவையும் இப்படியே. உங்களுக்கு ஒவ்வாததை மட்டும் விலக்குங்கள். அனைத்தையும் விலக்கித் தயிர்ச்சோற்றில் வாழ வேண்டியதில்லை.

வீட்டிலுள்ளோருக்கும் சில சொற்கள். மூன்றாம் வகை வலி மனைவிக்குத் தொற்றுவதன்று. கணவரின் நடத்தையை ஐயுறுவதற்கு இது சான்றாகாது. பால்வினை நோய்க்கான பரிசோதனைகளை நாங்கள் செய்துவிட்டே இம்முடிவுக்கு வருகிறோம். தாம்பத்தியத்துக்குத் தடையில்லை, உறவுக்குப் பின் சிலருக்கு வலி கூடும் என்பதால் அவர்கள் விலகி நிற்கக்கூடும். விந்து வீணானதால் வந்த நோய் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. மனச்சோர்வு மிகுந்திருந்தால் மனநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வலி கற்பனை என்று பொருளன்று. பத்தியம் என்று எண்ணி அவருக்குத் தெரியாமல் உணவில் பொடி கலந்து தருவதை மட்டும் தவிருங்கள்.

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், சிறுநீரில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் எந்த மாற்றுச் சிகிச்சையோடும் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். முதல் இரண்டும் அன்றைக்கே, இரவானாலும் அவசரப் பிரிவில் பார்க்கப்பட வேண்டியவை. அடுத்த புறநோயாளி நாளுக்கு வரும்போது, உண்ணும் மாத்திரை அட்டைகள், குப்பிகள், லேகியம், பொட்டலம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள். பெயர் அழிந்திருந்தாலும், பாதி தீர்ந்திருந்தாலும், யாரிடம் வாங்கினீர்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் நோயேட்டில் எழுதிவைப்போம்.