விரல் மீது பழி வேண்டாம்

கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், ஒரு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மின்கிட்டார் ஒன்று வாங்கினான். பதுளை ரயிலின் நெரிசலில் அதைத் தரையில் வைக்க மனமில்லாமல், கொட்டகலை வரை அணைத்தபடியே வந்தான். ஒரு கிழமைகூட ஆகவில்லை, உறையில் போட்டு அலுமாரி மேல் ஏற்றிவிட்டான். “எனக்குக் கை வரமாட்டேங்குது மாமா” என்றான்.

எடுத்துப் பார்த்தேன். கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினால் விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் முனை ரம்பம் போலக் கீறியது. ஆறாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தினால் கிர்ரென்ற அதிர்வுதான் வந்தது. முதலாம் ஃப்ரெட்டில் அழுத்தவோ விரல் நுனி கன்றிப்போகும் அளவுக்குப் பலம் வேண்டியிருந்தது. இதில் கை எப்படி வரும்?

முதலில் நட். தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு அது. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதலாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் போதும். அதிகம் இருந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக அராவப்படவில்லை. ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும் என்பதால் தொழிற்சாலைகள் பெரும்பாலும் குறைவாகவே அராவி அனுப்புகின்றன. மீதி வேலை விற்கும் கடையுடையது. அந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் விற்பது எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது. பழகத் தொடங்கும் பிள்ளை, வலிப்பது தன் திறமைக் குறைவால் என்றே நம்பிவிடும்.

ஃப்ரெட் முனை கீறுவதற்குக் காரணம் மரம். சரியாகக் காயாத மரம், குளிரூட்டிய கடையின் உலர்ந்த காற்றில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. அப்படியே 4000 அடி உயரத்துக்கு, எங்கள் பனிக்கும் மழைக்கும் வந்தால் கழுத்தின் வளைவும் மாறும். அதைத் திருத்தத்தான் கழுத்துக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தினால், ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையேல் கம்பியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

விரற்பலகை ஈட்டி மரம் இல்லை என்பதற்காக மட்டும் கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள். 2017இல் ஈட்டி இன மரங்கள் எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, விலை குறைந்த கிட்டார்கள் பலவும் இந்தியக் காடுகளின் கருமருதுக்கு மாறின. 2019இல் முழுதாய்ச் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தும் கருமருது நிலைத்துவிட்டது. நன்றாகக் காய்ந்திருந்தால் அதுவும் நல்ல மரமே.

மின்னிணைப்புக் கொடுத்தபின் வரும் இரைச்சலிலும் இரண்டு வகை உண்டு. தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருளாக இருந்தால் மின்சாரத்தின் ரீங்காரத்தை இழுப்பது அதன் இயல்பு; அதை அடக்கத்தான் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருளை உருவாக்கினார். ஆனால் தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும்போது ‘சுள்’ளென்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். ஏர்த் இல்லாத பழைய தோட்ட லயத்து வீடுகளின் வயரிங்கிலும், திருவிழா மேடைக்கு அவசரமாக இழுத்த லைனிலும் இது உயிராபத்து. 1972இல் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார்.

மருமகனின் கிட்டாரில் ஃப்ரெட் முனைகளை மெல்லிய அரத்தால் நானே தேய்த்தேன். நட்டும் சரியாயிற்று. ஆறாவதில் வந்த அதிர்வு மட்டும் போகவில்லை. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஃப்ரெட்களின் மேல் இரும்பு அடிமட்டத்தை வைத்தால் தராசு போல ஆடியது. ஏழாவது உயர்ந்து நின்றது. அது செய்தவர் விட்ட குறை. தொலைபேசியில் காணொளி எடுத்துப் பற்றுச்சீட்டோடு பத்திரப்படுத்தியிருக்கிறான். கடை திருத்தித் தர மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977க்கு அழைப்பதாக இருக்கிறான். அதுவரை ஆறாவது ஃப்ரெட்டைத் தவிர்த்து வாசிக்கிறான். சாயங்காலத்தில் லயம் முழுக்கக் கேட்கிறது.