முறை வரும் என்ற நிம்மதி

'இந்தக் கணத்தில் வாழுங்கள்' என்னும் அறிவுரை இன்று கைப்பேசிச் செயலிகள் முதல் நிறுவனங்களின் பயிற்சி அறைகள் வரை ஒலிக்கிறது. பௌத்தத் தியான மரபிலிருந்து இதை எடுத்து, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளிகளுக்கான பயிற்சியாக வடிவமைத்தவர் ஜான் கபாட்-ஜின். பயனுள்ள பயிற்சிதான். ஆனால், மன ஒருமை என்பது தனிமனிதரின் முயற்சியால் மட்டுமே கிட்டிவிடும் என்பதைப் பொருளியல் படித்தவனான என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

இதற்கான சான்று நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன்பு, கையில் பணமில்லாத நாள்களில், அவர்கள் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினர். அறுவடைப் பணம் வந்த பிறகு அதே விவசாயிகள் மேலாகச் செய்தனர். அறிவு கூடவோ குறையவோ இல்லை. கவலை, கவனத்தைத் தின்றிருந்தது.

அப்படியானால், கவலையைக் குறைக்கும் ஏற்பாடுகளே கவனத்தை வளர்க்கும். சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளியைக் கடந்தால் விரியும் பழவேற்காடு ஏரியில் அத்தகைய ஏற்பாடு ஒன்று தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதன் பெயர் 'பாடு'. இறாலுக்கு வலை இடும் இடங்களை மீனவ ஊர்கள் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எவருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இன்று வளமான இடம் கிட்டாதவருக்கு மற்றொரு நாள் கிட்டும். அடுத்தவர் முந்திவிடுவாரோ என்ற பதற்றம் இல்லாததால், வலையிடுபவரின் கண் நீரின் மீது நிலைக்கிறது. பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நம் மீனவர்கள் அதை முன்பே நடைமுறையில் வைத்திருந்தனர்.

பாடு குறையற்றதன்று. அதில் இடமில்லாதோர் அதே ஏரியில் உள்ளனர். இருளர் பெண்கள் நீரில் அமிழ்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். விரலில் படுவது இறாலா, நண்டின் கொடுக்கா, கெளிற்று மீனின் முள்ளா என்பதை விரலே அறிய வேண்டும். எந்தத் தியான வகுப்பிலும் இத்தகைய கவனத்தை நான் கண்டதில்லை. ஆனால், அது வயிற்றுப்பாட்டின் கட்டாயத்தில் பிறந்தது என்பதால், அதை வியந்து நிற்க மனம் வரவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் பாட்டின் தத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். செய்தி பார்க்கக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை; இடையில் கைப்பேசி மேசை இழுப்பறையில் கிடக்கும். மின்கட்டணம், வங்கி வேலை யாவும் மாதத்தில் ஒரே நாளில். இதனால் என் மன உறுதி கூடிவிடவில்லை. தனக்குரிய நேரம் வரும் என்று தெரிந்த மனம் இடையில் ஓடுவதில்லை, அவ்வளவே. சாப்பிட்ட தட்டை நானே கழுவும்போதும் வேறெதையும் செய்வதில்லை. காலையில் வானிலைச் செயலியைத் திறக்குமுன் மொட்டைமாடியில் நின்று, வீசுவது வடக்கின் வாடையா, கிழக்கின் கொண்டலா என்று பார்க்கிறேன். காற்றுக்கு நான் வருகைப்பதிவு எடுப்பதாக என் மனைவி சொல்கிறார்.

இவை மாதந்தோறும் ஓய்வூதியம் வரும் ஒருவனுக்கு எளிதானவை. காட்டுப்பள்ளி, பழவேற்காடு மீனவர்களின் நிலை வேறு. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்துவிட்ட கடற்கரை அவர்களுடையது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகவே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. அந்த முகத்துவாரமோ மணல் சேர்ந்து தூர்ந்து வந்தது. பாட்டில் தம் முறை தவறாமல் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று ஏரியில் இறால் இருக்குமா என்பது தெரியாது. முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க நிலையான ஏற்பாடு வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்தனர்.